மூக்குப்பொடியில் நெய்: எது காக்கிறது, எது காறிப்போகிறது

வறுத்த புகையிலையை நெய் விட்டு இடித்து, சுண்ணாம்பு சேர்த்து, துணியில் சலித்து எடுத்தால் நம்மூர் மூக்குப்பொடி. "நெய் சேர்த்த பொடி நாள்பட நிற்கும்" என்று பொடி போடுகிறவர்கள் அடித்துச் சொல்வார்கள். நெய்யே வைத்தால் கெடுகிற பண்டம். அது எப்படி இன்னொன்றைக் கெடாமல் காக்கும்? இதை வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம் என்று ஜாடிகளை எடுத்து வைத்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொடி போடுகிறவன் இல்லை. நிகோடின் பிடித்தால் லேசில் விடாது. புகையில்லாப் புகையிலையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. என் ஆர்வமெல்லாம் மணம் எப்படி நிற்கிறது, எப்படிப் போகிறது என்பதில்தான். முகர்ந்து பார்த்ததெல்லாம் ஜாடியின் வாயில்.

ஐப்பசி

புகையிலையை நரம்பு நீக்கி, மண்சட்டியில் மிதமான தீயில் வறுத்தேன். இலை கையில் நொறுங்கியதும் இறக்கி, ஆறவிட்டு, அரைத்துச் சலித்தேன். அரைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது அவசியம், ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும்.

ஜாடிக்கு 50 கிராம் பொடி. ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை. மற்றவற்றில் தலா 2 கிராம் நெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், வெள்ளை பாரஃபின் எண்ணெய் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய்). இன்னொரு ஜாடியில் நெய்யை மட்டும் 6 கிராமாகக் கூட்டினேன். வேறொன்றில் 2 கிராம் நெய்யோடு கொஞ்சம் சுண்ணாம்புத் தூள். எல்லாம் கண்ணாடி ஜாடி, இறுக்கமான மூடி, வெளிச்சம் படாத அலமாரி.

கலந்த அன்றே ஒரு வித்தியாசம் தெரிந்தது. எதுவும் சேர்க்காத பொடி ஜாடியைத் திறந்ததுமே தூசியாகக் கிளம்பியது. எண்ணெய் பட்டவை அடங்கிக் கிடந்தன. மணமும் அப்படியே. வெறும் பொடியில் வறுத்த இலையின் கருகல்தான் முன்னே வந்தது. நெய் சேர்த்ததில் அந்தக் கருகலுக்குப் பின்னால் இனிப்பாக ஒரு வாசனை. இலையிலுள்ள மணப்பொருட்களில் பலவும் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். கொழுப்பு அவற்றைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். ஆகவே, "நாள்பட நிற்கும்" என்கிற பேச்சில் உண்மை இருக்கிறது, ஆனால் அது மணத்தைப் பற்றிய உண்மை.

மார்கழி

தேங்காய் எண்ணெய் ஜாடி இந்த மாதம் தனிக் கதை. 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் அந்த எண்ணெய் உறைந்துவிடும். விடியற்காலையில் எடுத்துப் பார்த்தால் பொடி ரவை மாதிரிக் குருணை கட்டியிருந்தது. வெயில் ஏறியதும் இளகியது. கெடவில்லைதான். சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதால் காற்று அதை எளிதில் தொடாது. ஆனால் உறைந்து இளகி, உறைந்து இளகி, எண்ணெய் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டது. கீழ்ப்பொடி ஈரமாகவும் மேற்பொடி வறண்டும் இருந்தன.

கடலை எண்ணெய் ஜாடி காற ஆரம்பித்தது இப்போதுதான். பண்டிகை முடிந்து வெகுநாள் கழித்துத் திறந்த முறுக்கு டப்பாவில் வருமே, அந்தச் சிக்கு வாடை. நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள எண்ணெயைப் பொடியில் கலப்பது என்பது அதை லட்சக்கணக்கான துகள்கள் மேல் மெல்லப் பூசிவிடுவது. பாட்டிலில் இருக்கும்போது மேல்பரப்பு மட்டும்தான் காற்றைப் பார்க்கும். பொடியில் ஒவ்வொரு துளியும் பார்க்கிறது. பாட்டிலில் மிச்சமிருந்த அதே எண்ணெய் நன்றாகவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பங்குனி

வெயில் வந்ததும் வேகம் கூடியது. 6 கிராம் நெய் ஜாடியைத் திறந்தால் புளித்த வாடை, வாந்தியை நினைவூட்டுகிற வாடை. அது பியூட்ரிக் அமிலம். பால் கொழுப்பில் மட்டும் இது நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கட்டுண்டு கிடக்கிறது. நெய்யில் தண்ணீர் மிச்சமிருந்தால் கட்டு அவிழ்ந்து வெளியே வரும். 2 கிராம் நெய் ஜாடியிலும் அதன் சாயல் இருந்தது, ஆனால் கூர்ந்து முகர்ந்தால்தான்.

சுண்ணாம்பு சேர்த்த நெய் ஜாடியில் அந்தப் புளிப்பு அறவே இல்லை. இந்தச் சோதனை முழுவதிலும் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது இதுதான். சுண்ணாம்பு காரம், பியூட்ரிக் அமிலம் வெளியே வந்த உடனே அதைப் பிடித்து உப்பாக மாற்றிவிடும். அந்த உப்பு ஆவியாகாது, ஆகவே மூக்குக்கு எட்டாது. பொடியில் சுண்ணாம்பு சேர்ப்பது நிகோடினை விடுவித்துக் காட்டம் ஏற்றத்தான். கூடவே இந்த வேலையையும் சத்தமில்லாமல் பார்க்கிறது. ஆனால் எல்லாக் காறலும் அமிலம் இல்லை. காற்றுப் பட்டு வரும் சிக்கு வாடையைச் சுண்ணாம்பால் ஒன்றும் செய்ய முடியாது. அது அந்த ஜாடியிலும் லேசாகத் தலைகாட்டியது.

சித்தப்பா வெகுகாலமாகப் பொடி போடுகிறவர். 6 கிராம் நெய் ஜாடியையும் சுண்ணாம்பு சேர்த்த நெய் ஜாடியையும் நீட்டினேன். மூக்கருகே கொண்டுபோவதற்கு முன்பே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகையை உருட்டினார். "நல்ல பொடின்னா முதல்ல விரல்ல ஒட்டணும்ப்பா, அப்புறம் தானா உதிரணும். இது ஒட்டிக்கிட்டே இருக்கு" என்று 6 கிராம் ஜாடியைத் தள்ளிவிட்டார். சுண்ணாம்பு ஜாடியை முகர்ந்து, "காரம் இருக்கு. வாசனை கொஞ்சம் ஓஞ்சுபோச்சு" என்றார். சரிதான். என் குறிப்பேட்டில் அதையேதான் பத்து வரியில் எழுதி வைத்திருந்தேன்.

அவருடைய பழைய பித்தளை டப்பியிலும் கொஞ்சம் நெய்ப்பொடி போட்டு வைத்திருந்தேன். மூடியின் உள்விளிம்பில், பொடி ஒட்டிய இடத்தில் மட்டும், பச்சையாகக் களிம்பு கோடு கட்டியிருந்தது. கொழுப்பின் அமிலம் பித்தளையிலுள்ள செம்பைத் தின்கிறது. கரைந்த செம்பு திரும்ப நெய்யைக் காற வைக்கிறது. டப்பிப் பொடி ஜாடிப் பொடியைவிட முன்பே காறியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இப்போது அவர் கண்ணாடிக் குப்பிக்கு மாறிவிட்டார்.

ஆனி

நல்லெண்ணெய் ஜாடி இன்னும் காறவில்லை. எள்ளிலேயே செசமால் போன்ற காப்புப் பொருட்கள் இருக்கின்றன, ஊறுகாய்க்கு நாம் அதை நம்புவது வீண் போகவில்லை. ஆனால் திறந்தால் எள் மணம்தான் வருகிறது, புகையிலை எங்கோ அடியில். பொடிக்கு இது ஆகாது.

பாரஃபின் எண்ணெய் ஜாடி வைத்தது வைத்தபடி. அதில் காறிப்போக ஒன்றுமே இல்லை. ஜெர்மனியின் பவேரியாவில் ஷ்மால்ட்ஸ்லர் என்றொரு பொடி உண்டு. பிரேசில் புகையிலையை உருக்கிய வெண்ணெயோடு பிசைந்து செய்வார்கள். ரேகன்ஸ்பர்க் நகரில் அதைச் செய்த பழைய ஆலை இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. பின்னாளில் அங்கே வெண்ணெய்க்குப் பதில் பாரஃபின் எண்ணெய் வந்தது, காறாது என்பதால். கடைத்தட்டில் கிடக்கும் பொருளுக்கு அது வசதி. ஆனால் கனிம எண்ணெய் மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். மூக்கில் விடும் எண்ணெய் மருந்துகளால் இது நேர்வதை மருத்துவர்கள் 1925இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் அந்த ஜாடியை யாரிடமும் நீட்டவில்லை. மணத்திலும் அது ஊமை. காறலும் இல்லை, நெய்யின் இனிப்பும் இல்லை.

எதுவும் சேர்க்காத ஜாடிக்குக் காறல் என்ற பேச்சே கிடையாது, ஆனால் மணம் எப்போதோ போய்விட்டது. சாணித்தூள் போல இருக்கிறது. ஆக, கொழுப்பு இல்லாவிட்டால் பொடி வெளிறிப்போகிறது, இருந்தால் கொழுப்போடு சேர்ந்து காறிப்போகிறது. பொடியின் ஆயுளைக் கேட்க வேண்டியது புகையிலையிடம் அல்ல, நெய்யிடம்.

அதனால் அடுத்த சுற்றில் நெய்யை மட்டும் மாற்றுகிறேன். வெண்ணெய் உருக்கும்போது சலசலப்பு முற்றிலும் அடங்கி, அடியில் கசண்டு சிவந்து, மேலே நுரை தெளியும் வரை விட்டு இறக்கியது ஒன்று. ஈரம் அதில் இருக்காது. அதே பக்குவத்தில் கடைசியாக ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டுப் பொரித்து வடித்தது இன்னொன்று. கீரை நெய்யைக் காக்கும் என்று அம்மா சொல்வது பொடியிலும் செல்லுமா என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் 50 கிராமுக்கு 2 கிராம்தான், சுண்ணாம்பு உண்டு. பொடியை மொத்தமாகக் கலந்து வைக்கப்போவதில்லை. வெறும் பொடி ஒரு பக்கம், நெய் ஒரு பக்கம் இருக்கட்டும், தேவைப்படும்போது கொஞ்சமாகப் பிசைந்துகொள்ளலாம். மழைக்கு முன்பு ஜாடிகள் தயாராகிவிடும்.