கட்டிங் டேபிள் சும்மா இருந்தால் என்ன?

திருப்பூரில் பல பனியன் கம்பெனிகளில் முதலாளி காலையில் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "நேத்து எத்தனை பீஸ் கட்டிங்?" என்பதுதான். எத்தனை பெட்டி பேக்கிங் முடிந்தது என்பது ஷிப்மெண்ட் வாரத்தில்தான் ஞாபகம் வரும். புரொடக்‌ஷன் பிளானிங்கில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆர்டர் லேட்டாவதில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஒரு தையல் லைன், அதாவது வரிசையாகப் போட்ட மெஷின்கள், நாளைக்கு 800 டி-சர்ட் தைத்து முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்டி முடித்து, லைனுக்கு முன்னாலும் லைனுக்குள்ளேயும் பண்டல் பண்டலாக 6,400 பீஸ் கிடக்கிறது. இன்றைக்கு வெட்டுகிற பீஸ் எப்போது வெளியே வரும்? வகுத்துப் பாருங்கள், 8 நாள். சாதா டி-சர்ட்டுக்கு ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று எல்லாத் தையல் மெஷினும் சேர்த்து ஊசி ஓடுகிற நேரம் சில நிமிஷங்கள்தான், மிச்ச நேரமெல்லாம் அது கயிறு கட்டிய பண்டலாகத் தூங்குகிறது. உள்ளே கிடக்கிற சரக்கு என்பது வெளியேறுகிற வேகத்தை உள்ளே இருக்கிற காலத்தால் பெருக்கினால் வருவது, அவ்வளவுதான். சராசரிக் கணக்கு இது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961இல் இதைக் கணிதமாக நிரூபித்தார், லிட்டில் விதி என்றே பெயர்.

வேகத்தைக் கூட்டலாமே என்பார்கள். டெய்லர் எங்கே? தீபாவளிக்கு மதுரைப் பக்கம் போனவர்களும் ஹோலிக்கு பீகார், ஒடிசா போனவர்களும் என்றைக்குத் திரும்பி வருவார்கள் என்று எந்த எக்செல் ஷீட்டும் சொல்லாது. ஆனால் குவியலைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. கட்டிங்கை இரண்டு நாள் நிறுத்தினால் 6,400 என்பது 4,800 ஆகிவிடும், எட்டு நாள் ஆறு நாளாகும், லைன் தைத்து முடிப்பதில் ஒரு பீஸ் கூடக் குறையாது.

அப்புறம் ஏன் யாரும் நிறுத்துவதில்லை? கட்டிங் பெரும்பாலும் பீஸ் ரேட், வெட்டினால்தான் கூலி. காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க அழுத்துகிற வேலை) முடிந்து வந்த துணியை வைக்க குடோனில் இடம் இருக்காது. ஆர்டரைப் பின்தொடர்கிற மெர்ச்சண்டைசருக்கோ தன் ஷீட்டில் 'கட்டிங்' கட்டம் பச்சையாக வேண்டும், சரக்கு வாங்குகிற பையருக்கு மெயில் போட. ஆளாளுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஆர்டரை அமுக்குகிறது. தாமதம் கூடப் பரவாயில்லை, தப்பு வெளியே தெரிய ஆகிற காலம்தான் பயங்கரம். கழுத்துப் பட்டையான ரிப்பின் நிறம் உடம்புத் துணியோடு சேரவில்லை என்பது சில சமயம் தைத்து செக்கிங் வரும்போதுதான் கண்ணில் படும். நூறு பீஸில் பிடிக்க வேண்டியதை ஆயிரக்கணக்கில் வெட்டிப்போட்ட பிறகு பிடித்து என்ன செய்வது?

டொயோட்டாவில் தைச்சி ஓனோ 1950களில் மெஷின் ஷாப்பில் கான்பான் அட்டையைக் கொண்டுவந்தபோது அதன் உயிரே ஒரு தடைதான்: அடுத்த கட்டத்திலிருந்து அட்டை வராவிட்டால் செய்யாதே, சும்மா இரு. நம் ஊரில் சில இடங்களில் கலர் கலராகப் போர்டு மாட்டி அட்டையும் செருகுகிறார்கள், கட்டிங் மட்டும் நிற்காது. அது சுவருக்கு அலங்காரம்.

இதனால் முன்திட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் முழு ஆர்டரும் ஒரு நாள் தள்ளும் என்று கண்டுபிடிக்கிற சி.பி.எம். (கிரிட்டிக்கல் பாத் மெத்தட், முக்கியப் பாதை) முறை, 1950களின் கடைசியில் டுபாண்ட் கம்பெனிக்காக உருவானது, இன்றைக்கும் அவசியம்தான். பின்னலாடையில் அந்தப் பாதை பெரும்பாலும் நூல், நிட்டிங், டையிங் வழியாகப் போகிறது. டையிங்கில் நம் தேதி செல்லாது. சாயப்பட்டறைக்காரருக்கு வெசல், அதாவது சாயம் போடுகிற பாத்திரம், நிறைய வேண்டும், வெளிர் நிறம் முடித்துத்தான் அடர் நிறம், கறுப்பு ஓட்டிய வெசலில் உடனே வெள்ளை போட முடியாது, கழுவ வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம், நொய்யல் ஆற்று மாசுக்காக, சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊருக்கே தெரிந்தது எது இறுக்கமான இடம் என்று. அங்கே வாரக்கணக்கில் முன்கூட்டித் திட்டம் போடத்தான் வேண்டும். துணி நம் வாசலுக்கு வந்த பிறகு திட்டத்தை விடக் கட்டுப்பாடுதான் முக்கியம்.

நான் சொல்கிற வழி சாதாரணமானது. கட்டிங்குக்கும் லைனுக்கும் நடுவில் இரண்டு நாள் தையலுக்கு மட்டும் போதுமான ரேக், அது நிறைந்தால் கத்தியை அணைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் துணி செக்கிங், வெட்டிய பீஸுக்கு நம்பர் போடுவது என்று வேலை கொடுக்கலாம், கட்டிங் காண்ட்ராக்டருக்கு நிற்கிற நாளுக்கு ஒரு குறைந்தபட்சக் கூலி பேசிவிட வேண்டும், இல்லையென்றால் அவர் நிறுத்த மாட்டார், நிறுத்தவும் கூடாது. லேட்டான ஆர்டரை விமானத்தில் அனுப்புகிற ஒரு ஏர் ஷிப்மெண்ட் பில்லில் அந்தக் கூலி தூசு. அவசர ஆர்டர் வந்தால் ரேக்கிலிருந்து வேறொரு ஆர்டரை வெளியே எடுத்துவிட்டுத்தான் அதை உள்ளே விட வேண்டும். இன்னொன்று, குவியலை எண்ணும்போது பிரிண்டிங், எம்ப்ராய்டரிக்கு ஜாப் ஒர்க்காக வெளியே போன பீஸையும் சேர்த்து எண்ணுங்கள், ஃப்ளோர் காலியாகத் தெரிகிற நாளில் பாதிக் குவியல் அங்கேதான் கிடக்கும்.