அப்புறம் பார்க்கலாம்

"மைக்ரோஸ்கோப்பில நானும் ஒரு தடவை பார்க்கலாமா தம்பி?" என்று ரத்தம் எடுக்கும் அக்கா கேட்டார். "அப்புறம் பார்க்கலாம்க்கா" என்றேன். நடந்தது இவ்வளவுதான். ரத்தக் குழாய்கள் இருந்த ரேக்கை என் லேப் மேஜையில் வைத்துவிட்டு அவர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

அன்று காலை ஆஸ்பத்திரி ஜெபத்தில் பேசியவன் நான். அதுதான் உறுத்துகிறது. பைபிளில் சங்கீதம் 19. வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது என்று வாசித்துவிட்டு, அதற்கு வானம் வரை போக வேண்டாம், நம் மைக்ரோஸ்கோப்பிலேயே தெரியும் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். லீஷ்மன் சாயம் ஏற்றிய ஸ்மியரில், அதாவது ஸ்லைடில் மெல்லிசாகப் பரப்பிய ரத்தத்தில், சிவப்பணுக்கள் நடுவில் வெளிறி, விளிம்பில் சிவந்து கிடக்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 130 அணுக்களை வரிசையாக வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். இடையிடையே ஊதா நிற உட்கருவோடு ஒரு வெள்ளையணு. எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. இதைக் கேட்டுவிட்டுத்தான் அக்கா வந்து நின்றார்.

அன்று வேலை குவிந்து கிடந்தது, பொய்யில்லை. எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100எக்ஸ் லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. பழக்கமில்லாத கை திருகினால் ஸ்லைடு நொறுங்கும். அதுவும் பொய்யில்லை. ஆனால் முந்தின வாரம் ஒரு பயிற்சி மாணவரை என் நாற்காலியிலேயே உட்கார வைத்துக் காட்டினேன். அவருக்கு மட்டும் என்ன பழக்கம்? மாணவருக்குக் காட்டுவது என் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டேன்.

8ஆம் சங்கீதத்தை ஏன் வாசிக்கவில்லை என்றும் யோசித்தேன். அது நிலாவையும் நட்சத்திரத்தையும் பார்த்துவிட்டு, சட்டென்று மனிதனிடம் திரும்புகிறது. அவனை மகிமையினால் முடிசூட்டினீர் என்கிறது. இரண்டு சங்கீதத்திலும் மகிமை என்று வருவது 'காவோத்' என்ற ஒரே எபிரெயச் சொல்தான். அதன் வேர்ப்பொருள் பாரம், கனம். நான் இத்தனை நாளும் மகிமை என்றால் வெளிச்சம் என்றே நினைத்திருந்தேன்.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்ததும் எட்டு, பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். வேகமாகக் குலுக்கினால் அணு உடையும். சும்மா விட்டால் உறையும். அக்கா நோயாளியிடம் பேசிக்கொண்டே இதைச் செய்வார். பேச்சு ஒரு பக்கம், மணிக்கட்டு ஒரு பக்கம். என் ஸ்லைடில் அணுக்கள் முழுசாக வந்து சேர்வதற்கு அந்த மணிக்கட்டும் ஒரு காரணம். இதை ஜெபத்தில் சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருந்தால் அவர் கூசிப்போயிருப்பார். எனக்கும் இன்னொரு நல்ல உதாரணம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். தெரியவில்லை.

பத்து நாள் கழித்து நானே கூப்பிட்டேன். சரி என்று வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நான் பக்கத்தில் நின்று அவர் வியக்கக் காத்திருந்தேன்.

"அசையவே இல்லையே தம்பி."

காய வைத்து, மெத்தனாலில் நிலைப்படுத்தியது, அதனால் அசையாது என்று விளக்கினேன்.

"ஓ, செத்ததா?" என்று நிமிர்ந்தார். "எடுக்கும்போது குழாய் கையில கதகதன்னு இருக்கும். அப்படியே ஓடிட்டு இருக்கும்னு நினைச்சேன்."

நன்றாயிருக்கிறது என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போனார். எனக்கு ஏமாற்றம்தான், மறைக்க விரும்பவில்லை. யார் மேல் என்றுதான் புரியவில்லை.

மறுநாள் ரேக் வந்ததும் ஒரு குழாயை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஆறிப்போயிருந்தது.