துவைகல்லுக்குப் பின்னால்

2024 ஜூலை 14, ஞாயிறு

கொல்லையில் துவைகல்லுக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடி ஒரு மூலை. வீடு பூசினபோது மிஞ்சிய கலவைக்கட்டி, உடைந்த ஓடு, அதற்கு மேல் இடுப்பளவு பார்த்தீனியம். அப்பத்தாவுக்குப் பார்வை மங்கியதிலிருந்து பகலெல்லாம் பின்வாசல் திண்ணைதான். அப்பத்தாவின் முகம் திரும்பியிருப்பது இந்தக் குப்பையைப் பார்த்துத்தான் என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இங்கே பூச்செடி வைப்பது என்று முடிவு செய்து, கையுறை மாட்டிக்கொண்டு, பார்த்தீனியம் பூப்பதற்கு முன்னால் அதை வேரோடு பிடுங்க ஆரம்பித்தேன். பாதி முடிந்திருக்கிறது.

ஜூலை 21

கடப்பாரை போட்டால் ணங்கென்கிறது. அரையடிக்குக் கீழே முழுக்க சிமென்ட் கட்டி. 14 சட்டி அள்ளிக் கொட்டினேன், முதுகு விட்டுப்போச்சு. செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பியாயிற்று. காலை, மதியம், சாயங்காலம் என்று சுவர் நிழல் விழும் இடத்தில் கல் வைத்துப் பார்த்தேன். மல்லிக்கு நல்ல வெயில் வேணும். கனகாம்பரத்துக்கு அரைநிழல் போதும். அதனால் சுவரோரம் கனகாம்பரம், வெளிப்பக்கம் மல்லி.

ஜூலை 28

"வாசனைப் பூவா வைக்கிறேன் அப்பத்தா" என்றேன். "கனகாம்பரம் வை ஆத்தா" என்றது. கனகாம்பரத்துக்கு ஏது வாசனை? ஆனாலும் கேட்டுவிட்டதே.

பக்கத்து வீட்டு அக்கா காய்ந்த கதிர் நாலு கொடுத்தார். கனகாம்பர விதையை உரித்து எடுக்க வேண்டியதில்லை. வெள்ளைத் துணியில் கதிரைப் பரப்பி, கையால் தண்ணீர் தெளித்தேன். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு பட், பட்டென்று காய் வெடித்து விதை முழங்கை உயரத்துக்குத் தெறித்தது. திண்ணையிலிருந்தே அப்பத்தா சத்தத்தை எண்ணியது. தொட்டியில் விதைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

மல்லி மூன்று. ஓரடிக் குழி, குழிக்குக் குழி நாலடி. எங்கள் மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நாற்று பெரும்பாலும் ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்துதான் வருகிறது. கடலோர மணலில் வேர்விட்ட பிள்ளை நம்ம செம்மண்ணில் வந்து மணக்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாகவே படுகிறது.

செப்டம்பர் 8

ஒரு மல்லி பட்டுப்போனது. துவைகல் சோப்புத் தண்ணீர் நேராக அதன் தூரில் போய்த் தேங்கியிருக்கிறது. நடும்போதே பார்த்திருக்க வேண்டும். இன்று வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

அக்டோபர் 6

கனகாம்பரம் முளைத்தது 31. திடமான 20-ஐப் பிடுங்கி நட்டாயிற்று. மழை ஈரம் இருப்பதால் ஒன்றுகூட வாடவில்லை. ஓரத்தில் டிசம்பர் பூ நாலு குச்சி.

டிசம்பர் 22

டிசம்பர் பூ ஊதாவாகப் பூத்துக்கொட்டுகிறது. கனகாம்பரமும் முதல் கதிர் விட்டிருக்கிறது. அதில் இரண்டு பூவைப் பறித்து அப்பத்தா உள்ளங்கையில் வைத்தேன். கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய், வெயில் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இந்தக் கலரு மட்டும் இன்னும் கொஞ்சம் தெரியுதுத்தா."

அதற்குத்தான் கேட்டிருக்கிறது.

2025 மார்ச் 9

விடிகாலையில் மல்லியில் ஒன்பது மொட்டு. சாயங்காலம்தான் விரியும் என்பதால் வெயிலுக்கு முன்னால் பறித்து, கூடவே ஒரு கை கனகாம்பரமும் கொண்டுவந்து மடியில் போட்டேன். "இதைக் கட்டினா ஒரு சாண்கூட வராது அப்பத்தா."

"நாரை நனைச்சுக் கொண்டா."

வாழைநாரைக் கொடுத்தேன். குனிந்து பார்க்கவே இல்லை. கெட்டியாகத் தட்டுப்பட்டால் மல்லி, பட்டுத்துணி போல நழுவினால் கனகாம்பரம். இரண்டு அது, இரண்டு இது. ஒவ்வொரு முடிச்சையும் கட்டைவிரலால் தள்ளி நெருக்கியது. கடைசி மொட்டு ஒற்றையாக நின்றது. அதை மட்டும் கட்டாமல், கையில் வைத்திருந்தது, சாயங்காலம் வரை.