டிரெயின் போல்ட் சும்மா சுற்றிய அன்று

என்ஜினின் பழைய ஆயிலை இறக்கிவிட்டு, அது வடியும் ஓட்டையை அடைக்கும் டிரெயின் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசி அரைச் சுற்றில் ஸ்பேனர் கனக்க வேண்டும். எனக்கோ லேசாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் போல்ட் அதுபாட்டுக்குச் சுற்றுகிறது. வயிற்றைக் கலக்கியது. கழற்றிப் பார்த்தேன். போல்ட்டின் மரைக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு சுருள் கம்பி. கம்பியாவது! என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் மரைதான் அப்படியே உரிந்து வந்திருந்தது.

போல்ட் எஃகு, சம்ப் அலுமினியம். மல்லுக்கு நின்றால் யார் தோற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூட்டிவிட்டது நான்தான். ஒவ்வொரு முறையும் பழைய செம்பு வாஷரையே போட்டு, கசிந்துவிடுமோ என்று இன்னும் ஒரு பிடி, இன்னும் ஒரு பிடி என்று இறுக்கியே வந்திருக்கிறேன். ஒருமுறை நசுங்கிய வாஷர் கெட்டிப்பட்டுவிடும், மறுபடி சரியாக நசுங்காது. அதை நசுக்கப் போட்ட பலமெல்லாம் மரையில் இறங்கியிருக்கிறது.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். டெஃப்லான் டேப் சுற்றலாமாம். பிடியே இல்லாத மரைக்கு டேப் என்ன செய்யும்? தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் ஓவர்சைஸ் போல்ட்டும் உண்டு. கோணலாக ஏறினால் சம்ப்பே விரிசல் விடும். புது சம்ப் போடுவது சுத்தமான வழிதான், ஆனால் என் வண்டியில் அதற்குச் சைலன்ஸர் பைப்பையும் கழற்ற வேண்டும். கடைசியில் ஹெலிகாயில் இன்செர்ட் என்று முடிவு செய்தேன். ஓட்டையைப் பெரிதாக்கி மரை வெட்டி, அதற்குள் ஏற்றும் கம்பிச் சுருள் அது. அதன் உட்பக்கம்தான் போல்ட்டுக்குப் புது மரை.

போல்ட்டை அளந்ததில் 14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி. அதற்கான கிட்டிலேயே டிரில், மரை வெட்டும் டாப், இன்செர்ட் எல்லாம் இருந்தன. வண்டியை ஸ்டாண்டில் உட்காரவைத்து அடியில் படுத்தேன். டிரில்லை நேராகப் பிடிப்பதுதான் இதில் உயிரான வேலை. மல்லாந்து படுத்தபடி எது நேர் என்று கண்டுபிடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. டாப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பிக்கொண்டேன், துகள் அதில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. வெளியே எடுத்துத் துடைத்துப் புதுக் கிரீஸ், மறுபடியும் அதே. அப்படியும் மேலிருந்து அரை லிட்டர் ஆயிலை ஊற்றியபோது மினுமினுப்பாக நாலைந்து துகள் வந்தது. மினுமினுப்பு நிற்கும்வரை ஊற்றினேன். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் என்ஜின் பதில் சொல்லும்.

ஓட்டையை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, மரையைப் பிடித்துக்கொள்ளும் திரெட் லாக்கர் பசை தடவி, முகப்பிலிருந்து கால் சுற்று உள்ளே போகும்படி இன்செர்ட்டை ஏற்றினேன். துருத்திக்கொண்டிருந்தால் வாஷர் உட்காராது. அதன் நுனியில் சின்ன நாக்கு ஒன்று இருக்கும், உடைத்து எடுக்க வேண்டும். அது உள்ளே விழுந்திருந்தால் அன்றைய பிழைப்பு போயிருக்கும். நோஸ் பிளையரால் கவ்வி ஆட்டி ஆட்டி உடைத்தேன்.

மறுநாள் புது வாஷர் போட்டு, கையேட்டில் சொன்ன 35 நியூட்டன் மீட்டருக்கு குறித்த இறுக்கம் வந்ததும் சொல்லிவிடும் டார்க் ரெஞ்சை வைத்து இறுக்கினேன். 'டிக்' என்றது. கை இன்னும் ஒரு பிடி கேட்டது, கொடுக்கவில்லை.

கசிவு இல்லை. ஆனாலும் அடுத்த ஆயில் மாற்றம் வரை உள்ளூர ஒரு பயம், போல்ட்டோடு இன்செர்ட்டும் சேர்ந்து வந்துவிடுமோ என்று. போன வாரம் கழற்றினேன். போல்ட் மட்டும்தான் வந்தது.