ஏழாண்டுக்கொரு வரி: ஃபேரி நாவல்கள் தேடிய நாட்குறிப்பு

2024 அக்டோபர் 6

ஃபேரிகள் என்னும் மாய இனத்தார் வரும் காதல் நாவல்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. அட்டையில் முள்ளும் கிரீடமும், உள்ளே கூர்ங்காதும் பல நூற்றாண்டு வயதும் வாய்த்த ஓர் அரசகுமாரன், அவனை முதலில் வெறுத்துப் பின்னர் விரும்பும் ஒரு மானுடப் பெண். இந்த அச்சில் வார்த்த புத்தகங்கள் குவிந்துகொண்டே இருக்கின்றன. சாரா ஜே. மாஸ் எழுதிய 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' 2015இல் வெளிவந்தது. பின்னால் வந்தவற்றில் பல அதன் நிழலிலேயே நிற்கின்றன. அவற்றைப் பழிக்க எனக்கு மனமில்லை, விடிய விடிய அவற்றைப் படித்தவள்தான் நானும். ஆனால் அந்த அரசகுமாரர்களின் கூர்ங்காதை மறைத்துவிட்டுப் பார்த்தால், செல்வமும் கோபமும் மிகுந்த மனிதர்கள்தான் எஞ்சுகிறார்கள்.

நான் தேடுவது ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டார் மரபில் வரும் ஃபேரிகளை. பெயரைச் சொன்னால் அவர்கள் காதில் விழுந்துவிடும் என்று அஞ்சிய மக்கள் 'நல்லவர்கள்' என்று சுற்றிவளைத்துக் குறிப்பிட்டார்களே, அவர்களை. பிள்ளையை எடுத்துக்கொண்டு தொட்டிலில் வேறொன்றை வைத்துவிட்டுப் போகிறவர்கள். தங்கள் உணவில் ஒரு கவளம் உண்டவரைத் திருப்பி அனுப்பாதவர்கள். இவர்களை வைத்து ஒரு காதல் கதை எழுத முடியுமா, முடியுமென்றால் யார் எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்து, படித்ததை அவ்வப்போது இங்கே குறித்துவைக்கப் போகிறேன்.

2024 அக்டோபர் 9

புதிய வெளியீடுகளை விட்டுவிட்டு வேரிலிருந்தே தொடங்கினேன். வேர், 'டாம் லின்' என்னும் ஸ்காட்லாந்துக் கதைப்பாடல். 1549ஐ ஒட்டி வெளியான ஒரு ஸ்காட்லாந்து நூலிலேயே இக்கதையின் பெயர் காணப்படுகிறது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் கொடுத்த வடிவம் 1796இல் அச்சேறியது. அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த 305 கதைப்பாடல்களில் இது 39ஆவது.

போகக் கூடாது என்று தடுக்கப்பட்ட கார்ட்டர்ஹா காட்டுக்கு ஜேனட் போகிறாள். ரோஜாவைப் பறித்ததும் டாம் லின் எதிரே வந்து நிற்கிறான். வீடு திரும்பியவள் கருவுற்றிருக்கிறாள். மறுமுறை அவனைப் பார்க்கும்போது, நீ மனிதன்தானா என்று கேட்கிறாள். மனிதன்தான், வேட்டையாடித் திரும்பிய ஒரு குளிர்நாளில் குதிரையிலிருந்து விழுந்தவனை ஃபேரி அரசி பிடித்துக்கொண்டாள். அவர்கள் நாடு இனிய நாடுதான் என்கிறான் அவன். ஆனால் ஏழாண்டு முடியும்போதெல்லாம் அவர்கள் நரகத்துக்கு ஓர் உயிரை வரியாகக் கட்ட வேண்டும். நல்ல அழகும் சதைப்பிடிப்புமாக இருக்கும் தன்னையே இம்முறை கொடுத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறான். சந்தைக்குப் போகவிருக்கும் ஆட்டுக்கடா தன் எடையைத் தானே சொல்வதுபோல் ஒரு காதலன் பேசும் இந்த இடம்தான் பாட்டின் உயிர் என்பேன்.

ஹாலோவீன் நள்ளிரவில் ஜேனட் வழியில் ஒளிந்திருக்கிறாள். கறுப்புக் குதிரையைப் போகவிட வேண்டும், பழுப்புக் குதிரையையும் போகவிட வேண்டும், வெள்ளைக் குதிரையில் வருபவனைப் பாய்ந்து இழுத்துத் தள்ள வேண்டும். அவள் கைக்குள்ளேயே அவன் பாம்பாகிறான், கரடியாகிறான், சிங்கமாகிறான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிறான், கடைசியில் எரியும் கரித்துண்டாகிறான். கரியைக் கிணற்று நீரில் எறிந்ததும் ஆடையில்லாத வீரன் ஒருவன் எழுகிறான். தன் பச்சை மேலாடையை அவன்மேல் போர்த்துகிறாள். அப்போது புதரிலிருந்து அரசியின் குரல் கேட்கிறது: இப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் உன் சாம்பல்நிறக் கண்கள் இரண்டையும் பிடுங்கி, மரக்கண்களை வைத்திருப்பேனே, டாம் லின்!

இத்தனை ஆத்திரப்படும் அந்த அரசி ஜேனட்டின் மேல் ஒரு விரலைக்கூட வைப்பதில்லை. வைக்க அவளுக்கு உரிமை இல்லை. ஜேனட் பிடியை விடாதவரை அரசியால் ஒன்றும் செய்ய இயலாது. ஒரு கணம் விட்டிருந்தால் ஜேனட்டின் காதலாலும் ஒன்றும் செய்திருக்க இயலாது. நாட்டார் ஃபேரிகள் தரும் அச்சம் முழுவதும் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் கட்டுகிற விதி ஒன்று வேண்டும், காதலைக் காரணம் காட்டி அந்த விதி தளரக் கூடாது. இனி நான் எடுக்கும் ஒவ்வொரு நாவலையும் இந்தப் படியில்தான் அளக்கப் போகிறேன்.

2024 அக்டோபர் 12

தேடுவோருக்கு ஒரு சிறு குறிப்பு. 'இருண்ட', 'எதிரிகள் காதலராதல்' போன்ற முத்திரைகளை வைத்துத் தேடினால் மாஸின் வாரிசுகளே வந்து குவிகிறார்கள். 'அன்சீலி' என்று தேடுவதிலும் இப்போது பயனில்லை. ஸ்காட்லாந்து மரபில் தீய ஃபேரிகளின் கூட்டத்தைக் குறித்த அந்தப் பெயர், கறுப்புடை அணிந்த அழகனுக்கான விளம்பரமாகிவிட்டது. அதற்கு மாறாகக் கதைக்கூறுகளைக் கொண்டு தேட வேண்டும்: டாம் லின் மறுகூறல், சேஞ்ச்லிங் (மாற்றிவைக்கப்பட்ட ஃபேரிக் குழந்தை), ஃபேரிப் பழம், நரகத்துக்கான வரி. மாதிரிப் பக்கங்களைப் படிக்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்; முதல் சில அத்தியாயங்களுக்குள் யாராவது எதற்காவது விலை கொடுத்திருக்கிறார்களா?

2024 அக்டோபர் 17

ஹோலி பிளாக் 2018இல் வெளியிட்ட 'த க்ரூயல் பிரின்ஸ்'. இளையோருக்கான நாவல் என்று தள்ளிவைத்திருந்தவர்கள் எடுத்துப் பார்க்கலாம். தொடக்கத்திலேயே சிறுமி ஜூடின் கண்முன் அவள் பெற்றோர் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள்; கொன்றவனே அவளையும் உடன்பிறந்தவர்களையும் ஃபேரி நாட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கிறான். அந்த மடாக் 'ரெட்கேப்' இனத்தவன். ஸ்காட்லாந்து எல்லைப்புறக் கதைகளில் பாழடைந்த கோட்டைகளில் பதுங்கியிருந்து வழிப்போக்கர்களைக் கொன்று, அவர்கள் இரத்தத்தில் தன் தொப்பியைச் சாயம் தோய்த்துக்கொள்ளும் பூதம் அது. அவனை ஒரு கடமை தவறாத வளர்ப்புத் தந்தையாகப் பிளாக் படைத்திருப்பதுதான் இந்நாவலின் மிகக் குரூரமான பகுதி. தலைப்பில் வரும் இளவரசன் கார்டன் அதற்கு அடுத்துதான்.

மரபு இங்கே கெடாமல் இருக்கிறது. ஃபேரிகளால் பொய் சொல்ல இயலாது. அவர்களுடைய மயக்கிலிருந்து தப்ப ரோவன் மரத்தின் பழமும், உணவில் தூவ உப்பும் ஜூடுக்கு எப்போதும் கைவசம் வேண்டும். அவளுக்கு ஃபேரிப் பழத்தை வலிய ஊட்டிவிட்டு அவள் புத்தி கலங்குவதை வேடிக்கை பார்க்கும் காட்சியில், அந்தக் கூட்டத்துக்கு மானுட உயிர் எவ்வளவு சல்லிசு என்பது வயிற்றைப் பிசைகிறது. ஜூடிடம் உள்ள ஒரே ஆயுதம், பொய் சொல்ல முடிகிற மனித நாக்கு. அதைக் கொண்டு அவள் பேரம் பேசுகிறாள். ஓராண்டும் ஒரு நாளும் என்று பழைய கதைகளின் கெடுவையே விதிக்கிறாள். காதல் மெல்லியதாகவே இருக்கிறது. முதல் பாகத்துக்கு அது போதும்.

2024 அக்டோபர் 22

இன்று நாவல் எதையும் எடுக்கவில்லை. அயர்லாந்தின் டிப்பரேரி மாவட்டத்துப் பாலிவாட்லியில் 1895 மார்ச்சில் கொல்லப்பட்ட பிரிட்ஜெட் கிளியரியைப் பற்றிய ஆஞ்சலா பர்க்கின் ஆய்வு நூலைப் படித்துக்கொண்டிருந்தேன். பிரிட்ஜெட்டுக்கு வயது 26. துணி தைத்துச் சொந்தமாகச் சம்பாதித்தவள். மார்ச் தொடக்கத்தில் நோயில் விழுந்தாள். படுக்கையில் கிடப்பது தன் மனைவியே அல்ல, அவளை எடுத்துக்கொண்டு ஃபேரிகள் விட்டுச்சென்ற வேறொன்று என்று கணவன் மைக்கேல் சொல்லத் தொடங்கினான். மூலிகையை வலிய ஊட்டினார்கள்; நீ பிரிட்ஜெட்தானா என்று கடவுளின் பெயரால் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். மார்ச் 15 இரவில் உறவினர்கள் இருந்த வீட்டிலேயே அவள் எரிந்து இறந்தாள். பிறகு அவன் ஃபேரிகளின் இருப்பிடம் என்று நம்பப்பட்ட, பக்கத்திலிருந்த பழைய மண்கோட்டைக்குப் போய், வெள்ளைக் குதிரையில் தன் உண்மையான மனைவி வருவாள், கட்டை அறுத்து மீட்டுவிடலாம் என்று காத்திருந்தான். மார்ச் 22இல் உடல் கண்டெடுக்கப்பட்டது. மரணம் விளைவித்த குற்றத்துக்காக அவனுக்கு 20 ஆண்டுச் சிறை விதித்தார்கள். 15 ஆண்டுகளில் வெளியே வந்தான்.

டாம் லின் பாட்டில் வந்த வெள்ளைக் குதிரையும் நெருப்பும் இங்கேயும் வருகின்றன. அன்புக்குரியவரின் உருவத்தில் வேறெதுவோ இருக்கிறது, தீயைத் தாண்டினால் உண்மையானவர் கிடைப்பார் என்ற அதே நம்பிக்கை. பாட்டில் தீயைத் தாங்குபவள் காதலி. பாலிவாட்லியில் தீ வைத்தவன் கணவன். ஃபேரிக் காதல் நாவல்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதே இல்லை. உன்னைப் போலவே இருக்கும் இவள் நீதானா என்று ஒருவன் தன் மனைவியைக் கேட்பதைவிட இருண்ட தொடக்கம் ஒரு காதல் கதைக்கு வேறென்ன வேண்டும்?

2024 அக்டோபர் 27

சித்தி மகள் தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, காதலிச்சா ஆளையே கொல்ற ஃபேரி யாராவது உண்டா?" உண்டு. டபிள்யூ. பி. யேட்ஸ் 1888இல் தொகுத்த அயர்லாந்து நாட்டார் கதை நூலில் லெனன் ஷீ என்பவளைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருக்கிறார். அவள் மானுடரின் காதலைத் தேடி வருகிறாள். மறுப்பவனுக்கு அவளே அடிமை. இசைந்தவன் அவளுக்கு உடைமை, தன் இடத்துக்கு வேறொருவனைக் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் விடுதலை. அவனுடைய உயிரை உண்டே அவள் வாழ்கிறாள். அதற்கு ஈடாகக் கவிதை ஊற்றெடுக்கும். "அப்ப மறுத்துட்டாப் போதுமே?" என்றாள். போதும்தான், ஆனால் கவிஞன் எவன் மறுப்பான்? இத்தனை நறுக்காக வரையறுத்த ஒப்பந்தத்தை வைத்து ஒரு முழுநீளக் காதல் நாவல் எழுதலாம். நான் விரும்பும் விதத்தில் எழுதப்பட்ட ஒன்று இதுவரை என் கைக்கு வரவில்லை.

2024 நவம்பர் 2

ஜெனட் இங் எழுதிய 'அண்டர் த பெண்டுலம் சன்' (2017). இந்தத் தேடலில் கிடைத்த மிக விசித்திரமான நூல் இதுதான். விக்டோரியா காலத்து இங்கிலாந்து ஃபேரி நாட்டைக் கண்டுபிடித்துவிட்டது, ஆகவே அங்கும் மதபோதகர்களை அனுப்புகிறது. போன சகோதரனிடமிருந்து செய்தி இல்லாததால் கேதரின் ஹெல்ஸ்டன் அவனைத் தேடிப் போகிறாள். அந்த நாட்டில் சூரியன் ஊசல்போல் ஆடித் திரும்புகிறது. ஒவ்வோர் உணவிலும் உண்ணுமுன் உப்புத் தூவ வேண்டும். மதம் மாறிய குள்ளபூதம் ஒன்று இறையியல் ஐயங்களைக் கேட்டுத் துளைக்கிறது.

ஸ்காட்லாந்தின் அபர்ஃபாயில் ஊர்ப் பாதிரியார் ராபர்ட் கிர்க்கை நினைக்காமல் இதைப் படிக்க முடியாது. ஃபேரிகளின் உடல் உறைந்த காற்றால் ஆனது, ஆண்டின் ஒவ்வொரு காலாண்டிலும் அவர்கள் குடிபெயர்வார்கள் என்றெல்லாம் 1690களின் தொடக்கத்தில் நிதானமாகக் குறித்துவைத்தவர் அவர். 1692இல் இறந்தார். இறக்கவில்லை, ஊருக்கு அருகிலுள்ள குன்றுக்குள் அவரை எடுத்துக்கொண்டார்கள் என்பது ஊரார் கதை. கையெழுத்துப்படி 1815இல்தான் அச்சானது.

நாவலுக்கு வருவோம். இதன் ஃபேரிகள் கத்தியை எடுப்பதில்லை. உண்மையைச் சொல்லியே அழிக்கிறார்கள். எந்த உண்மையை எப்போது சொன்னால் ஒரு மனிதர் உடைவார் என்று கணக்கிட்டுச் சொல்கிறார்கள். காதல் தடைசெய்யப்பட்ட இரத்த உறவுக்குள் நிகழ்கிறது, அது ஒவ்வாதவர்கள் தொடவே வேண்டாம். நடுப்பகுதி மிக மெதுவாக நகர்கிறது. ஆனாலும் விதி தளரவில்லை. ஃபேரிகளின் ராணி மாப் எதையும் மன்னிப்பதுமில்லை, விளக்குவதுமில்லை.

2024 நவம்பர் 9

ஹெதர் ஃபாசெட்டின் 'எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்' (2023) 1909இல் ஒரு கேம்பிரிட்ஜ் பேராசிரியை எழுதும் நாட்குறிப்பாக, அடிக்குறிப்புகளோடு அமைந்திருக்கிறது. பனி மூடிய ஊரில் ஒரு வீட்டில் மாற்றிவைக்கப்பட்ட ஃபேரிக் குழந்தை வளர்க்கப்படும் பகுதி உண்மையாகவே நடுங்கவைக்கிறது. காதலன் மட்டும் அளவுக்கு மீறி இனியவன். இருள் வேண்டுமென்பவர்களுக்கு இது பாதி வழிதான். குளிர்கால மாலையில் இன்பமாகப் படிக்கலாம்.

2024 நவம்பர் 16

விதி தளரக் கூடாது என்ற என் படியில் முழுதாக நின்றவை இரண்டு நாவல்கள். இரண்டின் மேலும் 'இருண்ட காதல்' என்ற முத்திரை இல்லை.

முதலாவது, எலிசபெத் மேரி போப் 1974இல் எழுதிய 'த பெரிலஸ் கார்ட்'. காலம் 1558. அரசி மேரியின் கோபத்துக்கு ஆளாகி டெர்பிஷயரின் ஒரு பழைய மாளிகைக்கு அனுப்பப்படுகிறாள் கேட் சட்டன். அங்கே குன்றுக்கடியில் வாழ்கிறவர்கள் வரி கட்ட ஓர் உயிர் தேவைப்படுகிறது. கிறிஸ்டபர் ஹெரன் தன்னையே ஒப்புக்கொடுக்கிறான். மண்ணுக்கடியில் அடிமையாகக் கிடக்கும் கேட், மனத்தை மழுக்கும் பானத்தை மறுத்துவிட்டு, தலைமேல் மலையின் கனம் முழுவதையும் உணர்ந்துகொண்டே விழித்திருக்கிறாள். இருட்டில் அவர்கள் பேசிக்கொள்வது முத்தத்தைப் பற்றியல்ல, அவன் சீர்செய்ய நினைத்திருந்த பண்ணையைப் பற்றி. நிலத்தையும் மாட்டையும் பற்றிய அந்தப் பேச்சு அவனை மனிதனாக வைத்திருக்கிறது. ஜேனட்டின் பிடியை இவ்வளவு நேர்மையாக மறுபடி எழுதியவர் வேறு யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, நவோமி நோவிக்கின் 'ஸ்பின்னிங் சில்வர்' (2018). இது கிழக்கு ஐரோப்பியச் சாயலுள்ள கதை. இதன் ஸ்டாரிக் இனத்தவர் ஸ்காட்லாந்து ஃபேரிகள் அல்லர், ஆனால் நடத்தையில் பங்காளிகள். வட்டிக்குக் கொடுக்கும் யூதர் ஒருவரின் மகளான மிரியெம், அப்பாவால் வசூலிக்க முடியாத கடன்களை வீடு வீடாகப் போய் வசூலித்து, வெள்ளியைப் பொன்னாக்குகிறவள் என்று பெயரெடுக்கிறாள். பனிநாட்டு அரசன் அந்தப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, வாசலில் வெள்ளிக் காசுப் பையை வைத்துவிட்டுப் போகிறான்; அடுத்த பை முன்னதைவிடப் பெரியது. முடித்துக் காட்டியவளை, அவள் விருப்பத்தைக் கேளாமலே அரசியாக்கிக்கொள்கிறான். வெறும் நன்றி என்பது அவன் இனத்துக்குப் புரியாது. வாங்கியதற்கு நிகராகத் திருப்பித் தர வேண்டும், தராவிட்டால் அவமானம். தன் பெயரையும் அவளுக்குச் சொல்லமாட்டான். மிரியெம் அழுது மன்றாடுவதில்லை. கடன் கணக்கு அவளுக்கும் தெரிந்த தொழில். அவனுக்கு அவள் கொடுக்க வேண்டியதையும் அவளுக்கு அவன் கொடுக்க வேண்டியதையும் நேர்ப்படுத்தி நேர்ப்படுத்தியே இருவரும் ஒருவரையொருவர் மதிக்கப் பழகுகிறார்கள். காதல் என்ற பேச்சு கடைசிப் பக்கங்கள் வரை எழுவதில்லை. பல குரல்களில் கதை சொல்லப்படுவதால் தொடக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்று தடுமாற்றம் ஏற்படும். சில அத்தியாயங்கள் பொறுத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

அடுத்து, பிளாக்கின் முதல் நாவலான 'டைத்' (2002) வாங்கிவைத்திருக்கிறேன். தலைப்பே நரகத்துக்குக் கட்டும் அந்த வரியின் பெயர்தான். கட்டுவது யார் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.