பின்புறத்தில் பொறித்திருந்த வரி

புறக்கோட்டையில் பற்றரி மாற்றக் கொடுத்த என் பழைய ஐபோனைத் திருத்தும் தம்பி விளக்கின் கீழ் கவிழ்த்துப் பிடித்தபோதுதான் அதன் பின்புறத்தை நான் ஊன்றிப் பார்த்தேன். கலிபோர்னியாவில் வடிவமைக்கப்பட்டது, சீனாவில் பொருத்தப்பட்டது என்று மிகச் சிறிய ஆங்கில எழுத்துகளில் பொறித்திருந்தது.

அப்பிள் நிறுவனத்தின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன. பொருத்தும் வேலையைத் தாய்வானின் பொக்ஸ்கொன் போன்ற ஒப்பந்த நிறுவனங்களிடம் ஒப்படைத்ததால் அதன் இலாபம் பெருகியது; ஆனால் 2022இன் இறுதியில் சீனாவின் செங்சோ நகரிலுள்ள பொக்ஸ்கொன் தொழிற்சாலை கொவிட் கட்டுப்பாடுகளால் தடுமாறி, தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு வயல்வெளிகளையும் நெடுஞ்சாலைகளையும் கடந்து ஊருக்கு நடந்தபோது, ஐபோன் 14 ப்ரோ வாங்குவோர் கூடுதல் நாட்கள் காத்திருக்க நேரும் என்று அப்பிளே அறிவிக்க வேண்டியதாயிற்று.

உற்பத்தியின் ஒரு பகுதி இப்போது இந்தியாவுக்கு நகர்ந்துவிட்டது. இதைத் தீர்வென்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில், 2021 டிசம்பரில், பொக்ஸ்கொன் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவு நஞ்சானதால் நோயுற்றார்கள். சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்துப் போராடினார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. விடுதியின் நிலைமை தரமற்றது என்பதை அப்பிளும் ஏற்றுக்கொண்டது.

கட்டுநாயக்க வர்த்தக வலயத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண் பிள்ளைகள், ஒரே அறையில் பலராக, முறை வைத்துச் சமைத்து உறங்குவதைக் கண்ட எனக்கு அந்தச் செய்தி தூரத்துச் செய்தியாகத் தெரியவில்லை.