உப்பின் வெள்ளைக்காக ஒரு மீடியம் ஃபார்மெட்: ஆறு மாதக் குறிப்புகள்

ஜனவரி கடைசியில் ஃபூஜிஃபில்ம் ஜி.எஃப்.எக்ஸ். 50ஆர் என்ற மீடியம் ஃபார்மெட் (வழக்கத்தை விடப் பெரிய சென்சார் உள்ள) கேமரா கைக்கு வந்தது. 2018 நவம்பரில் விற்பனைக்கு வந்த மாடல். ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். கூடவே 63 எம்.எம். எஃப் 2.8 லென்ஸ், அது ஒன்றுதான். ஃபுல் ஃப்ரேம் (35 எம்.எம். ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கில் சொன்னால் 50 எம்.எம். மாதிரி. இரண்டும் சேர்ந்து 1,180 கிராம். கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உப்பள வரப்பில் நடக்க முடிகிறது.

வாங்கியது ஒரே காரியத்துக்காக: தூத்துக்குடி உப்பளங்கள். நான்கு வருடமாக அங்கே போகிறேன். பழைய கேமராவில் நிறையப் படம் இருக்கிறது, ஒன்றிலும் உப்பு உப்பாக இல்லை. வெயில் ஏறிய பிறகு எடுத்தவை வெறும் காகித வெள்ளை. பயந்து எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை) குறைத்தவற்றில் உப்பு சாம்பலாகிவிட்டது, ஆட்களின் முகம் இருட்டிவிட்டது. நேரில் பார்த்தால் ஒரு அம்பாரத்துக்குள்ளேயே எத்தனையோ வெள்ளை. நீலம் கலந்தது, பழுப்பு கலந்தது, ஈரத்தில் கண்ணாடியாய்த் தெரிவது. அந்த வித்தியாசங்கள்தான் எனக்கு வேண்டும்.

இந்த கேமராவின் சென்சார் 43.8 x 32.9 எம்.எம். ஃபுல் ஃப்ரேமை விடப் பரப்பில் சுமார் 1.67 மடங்கு. பழைய 120 ஃபிலிமில் 645 அளவு (6 x 4.5 செ.மீ.) எடுத்தவர்களுக்கு இது சிறியதுதான். ஆனாலும் 51.4 மெகாபிக்சலை இவ்வளவு இடத்தில் பரப்பும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கிறது.

முதல் பயணம் பிப்ரவரியில். லாட்ஜில் ஏ.சி. போட்டுத் தூங்கி, நாலரைக்குக் கிளம்பி, உப்பளத்தில் பையைத் திறந்தேன். குளிர்ந்த லென்ஸில் கடற்காற்றின் ஈரம் அப்படியே படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. தெளிய இருபது நிமிடம் ஆனது, அதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது. இப்போது இரவில் பையை ஏ.சி. படாத வராந்தாப் பக்கம் வைக்கிறேன். அதன் பிறகு ஒரு நாளும் லென்ஸில் ஈரம் படியவில்லை.

அன்று எடுத்த மீதிப் படங்களில் பாதிக்கு மேல் கை அசைவு. 63 எம்.எம். லென்ஸுக்கு 1/125 நொடி ஷட்டர் வேகம் போதும் என்று பழைய வழக்கத்தில் வைத்திருந்தேன். இந்த கேமராவுக்குள் அசைவைத் தடுக்கும் ஏற்பாடு கிடையாது. 51 மெகாபிக்சலில் முழு அளவுக்குப் பெரிதாக்கினால் மூச்சு விட்டதுகூடத் தெரிகிறது. 1/250-க்குக் கீழே போவதாக இருந்தால் ட்ரைபாட் என்று முடிவெடுத்தேன். வரப்பு களிமண், கால் உள்ளே இறங்கும். ட்ரைபாட் காலுக்கு அடியில் வைக்க மூன்று பலகைத் துண்டு கொண்டுபோகிறேன்.

அதிக நாள் எடுத்தது எக்ஸ்போஷர். கேமராவின் மீட்டர் எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். உப்பைக் காட்டினால் சிமெண்ட் மாதிரி வரும். அதனால் ஒன்றோ ஒன்றரையோ ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டுவார்கள். உப்பளத்தில் அந்தக் கணக்கு நிற்பதில்லை. பாத்தியில் தேங்கிய நீர் வெயிலைத் திருப்பி அடிக்கும், ஒரு அடி நகர்ந்தால் எல்லாம் மாறிவிடும். மேகம் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

மார்ச் மாதத்தில்தான் ஒன்று புரிந்தது. திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் (இருட்டு முதல் வெளிச்சம் வரை எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) ரா ஃபைலுடையது, அதாவது சென்சார் பதிந்த மூலத் தரவுடையது இல்லை, கேமரா அதிலிருந்து தயாரிக்கும் ஜேபெக் படத்துடையது. கான்ட்ராஸ்ட் கூடிய ஜேபெக் அமைப்பில் வைத்திருந்தால், ரா ஃபைலில் இடம் இருக்கும்போதே வெள்ளை விவரமில்லாமல் வெடித்துவிட்டதாகக் காட்டும். அதனால் ஜேபெக் அமைப்பை கான்ட்ராஸ்ட் குறைந்ததாக, ப்ரோ நெக் ஸ்டாண்டர்டு, டி.ஆர். 100, ஹைலைட் -2, ஷேடோ -2 என்று வைத்துக்கொண்டேன். திரையில் படம் வெளிறிச் சப்பென்று தெரியும், ஆனால் ஹிஸ்டோகிராம் உண்மைக்குக் கிட்ட வந்துவிடும். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகப் பார்ப்பது அவசியம். சூரியன் எழும் நேரத்தில் உப்பின் மேல் விழும் வெளிச்சம் செம்மஞ்சள். மொத்த ஹிஸ்டோகிராம் பத்திரமாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் உச்ச அளவை முட்டிப் போயிருக்கும். அப்படி முட்டிய இடங்களைப் பிறகு எதைச் செய்தும் மீட்க முடியவில்லை, மஞ்சள் திட்டாக நின்றுவிட்டன.

இப்போது செய்வது இதுதான்: ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, லென்ஸ் திறப்பு எஃப் 8 அல்லது 11. நீரில் மின்னும் புள்ளிகள் போகட்டும் என்று விட்டுவிடுவேன். வெயில் நேராக விழும் உப்பின் பரப்பு முட்டாத அளவுக்கு ஷட்டரை வைப்பேன். முகங்கள் இருட்டாகத்தான் பதிவாகும், அவற்றின் வெளிச்சத்தை வீட்டில் வந்து மென்பொருளில் தூக்குவேன். பழைய கேமராவில் இரண்டு ஸ்டாப் தூக்கினாலே புள்ளி புள்ளியாக வரும். இதில் மூன்று ஸ்டாப் தூக்கியும் முகத்தின் வியர்வை, புருவத்தில் ஒட்டிய உப்புத் தூள் எல்லாம் சுத்தமாக நிற்கிறது. முதல்முறை அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

எஃப் 16-க்குப் போகவேண்டாம், படம் மெல்ல மழுங்குகிறது. ஃபோகஸ் நிதானமாகத்தான் பிடிக்கும், வெறும் உப்புப் பரப்பைக் காட்டினால் தடுமாறும். அம்பாரத்தின் விளிம்பையோ உப்பு வாரும் பலகையின் கைப்பிடியையோ காட்டினால் பிடித்துவிடும். எலக்ட்ரானிக் ஷட்டரில் நடப்பவர்கள் வளைந்துபோகிறார்கள், அதை அணைத்துவிட்டேன். சேலைக்கு மேல் போட்டிருக்கும் கட்டம்போட்ட சட்டைகளில் சில நேரம் வானவில் கோடுகள் வருகின்றன. சென்சாருக்கு முன்னால் அதை மட்டுப்படுத்தும் வடிகட்டி இல்லாததால் அப்படி. ரா மென்பொருளில் தூரிகை வைத்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்கிறேன்.

நான் எதிர்பார்க்காத ஒரு நன்மை, மடக்கித் தூக்கும் பின் திரை. என் பெரியப்பா ஸ்டுடியோவில் இரட்டை லென்ஸ் யாஷிகா இருந்தது. ஒரு ரோலுக்கு 12 படம். வயிற்றுக்கு நேரே வைத்துக் குனிந்து பார்த்து எடுப்பார். எதிரில் இருப்பவருக்குப் பெரியப்பாவின் முகம் தெரியும். இதிலும் திரையைத் தூக்கிவிட்டு அப்படியே எடுக்கலாம். கண்ணில் கேமராவை வைத்தவுடன் விறைத்துப்போகிறவர்கள், இப்படி எடுக்கும்போது பேச்சை நிறுத்துவதில்லை. கணக்கப்பிள்ளையிடம் அனுமதி கேட்ட பிறகும், ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுத்தான் எடுக்கிறேன்.

“எடுத்தாச்சா தம்பி, இன்னும் இல்லியா?” என்று ஒரு அக்கா தினமும் கேட்பார். வெயில் ஏறும்போது, “போதும், கெளம்புங்க. இந்த வெள்ளையப் பாத்துப் பாத்தே எங்க கண்ணு போச்சு” என்பார். விடியும் முன்பே ஏன் வேலையை ஆரம்பிக்கிறார்கள் என்பது அங்கே ஒன்பது மணி வரை நின்றால் தெரியும்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. பாத்திகளுக்கு நடுவே ஒருநாளும் லென்ஸைக் கழற்றுவதில்லை. திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு. உள்ளே ஈரமானி 45 சதவீதத்தில் நிற்கிறது.

ஜூலையில் முதல் பிரிண்ட். 8256 x 6192 பிக்சல், அங்குலத்துக்கு 300 என்று வைத்தால் 27.5 x 20.6 அங்குலம் வருகிறது. முதல் பிரதியில் அம்பாரத்தின் உச்சி காகிதத்தோடு கலந்துவிட்டது. திரையில் 255 (முழு வெள்ளை) என்று இருக்கும் இடத்தில் அச்சில் மையே விழாது, காகிதத்தின் நிறம்தான் தெரியும். உப்பின் மிக வெளிச்சமான பகுதியை 245 பக்கம் இறக்கி, மஞ்சள் சாயல் இல்லாத மேட் காகிதத்தில் மறுபடி போட்டேன்.

அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அந்த அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடிக்க, நிழலில் வைத்துப் பார்த்தார். தன்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். படத்தில் பின்னால் இருந்த இரண்டு அம்பாரங்களின் மேல் விரலை வைத்தார்.

“இது அன்னைக்கு வாருனது, ஈரம் காயல. அது முந்துன நாளு வாருனது” என்றார்.